காரின் முதுகில் சைக்கிள்: ஹிட்ச் ரேக் ஓர் அறிமுகம்

சைக்கிளைக் காரில் கொண்டுபோக மூன்று இடங்கள் இருக்கின்றன: உள்ளே, மேலே, பின்னால். உள்ளே என்றால் பின் சீட்டை மடக்கி, முன் சக்கரத்தைக் கழற்றி, செயின் மை எதிலும் ஒட்டாமல் பழைய போர்வையைச் சுற்றி வைக்க வேண்டும். ஒரு சைக்கிளுக்குச் சரி. இரண்டாவது வந்துவிட்டால் ஆள் உட்கார இடம் இருக்காது. மேலே என்றால் ஒவ்வொன்றையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். தூக்கி வைத்த பிறகு வேறொரு ஆபத்தும் உண்டு: கூரையில் சைக்கிள் நிற்பதே மறந்துபோய், தாழ்வான பார்க்கிங்குக்குள் அப்படியே நுழைந்துவிடுவது. சிரிக்காதீர்கள், கவனமான ஆட்களுக்கே இது நடக்கிறது.

மிச்சம் இருப்பது பின்பக்கம். டிக்கிக் கதவில் கொக்கிகளை மாட்டிப் பட்டைகளால் இழுத்துக் கட்டும் ரேக் ஒன்று உண்டு. எடை முழுவதையும் கதவின் தகடும் கீலும் தாங்க வேண்டியிருக்கும் என்பதால் அதை ஒரு தற்காலிக ஏற்பாடாகத்தான் நான் பார்க்கிறேன். இன்னொன்று, காரின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கிய ஹிட்ச்சில் செருகும் ரேக். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஹிட்ச் என்பது டிரெய்லர் இழுப்பதற்காக வந்த சாமான். பம்பருக்குக் கீழே, காரின் அகலவாக்கில் ஓர் இரும்புக் குழாய் ஓடும். அதன் நடுவில், பின்பக்கம் வாய் திறந்த ஒரு சதுரக் குழாய் இருக்கும். இதற்கு ரிசீவர் என்று பெயர். ரேக்கின் தண்டை அதற்குள் நுழைத்து, இரண்டின் துளைகளையும் நேராக்கி, குறுக்கே ஒரு பின்னை, அதாவது தடித்த இரும்பு முளையை, செருகினால் ரேக் காரோடு சேர்ந்துவிடும். செய்யும் வேலை அவ்வளவுதான், ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ரிசீவரின் அளவுதான் முதலில் தெரிந்திருக்க வேண்டியது. சிறிய கார்களில் ஒன்றேகால் அங்குலம், பெரிய வண்டிகளில் 2 அங்குலம். இவைதான் பரவலாக இருப்பவை. இது குழாய்க்கு உள்ளே அளக்கும் அளவு. வெளியே அளந்துவிட்டுத் தப்பான ரேக்கை வாங்கி வருபவர்கள் உண்டு. குறுக்கே போகும் பின்னும் மாறும்: சிறியதற்கு அரை அங்குலம், 2 அங்குல ரிசீவருக்கு 5/8 அங்குலம். இந்தச் சதுரக் குழாய் வட அமெரிக்காவில் வழக்கமானது. ஐரோப்பாவில் பெரும்பாலும் காரின் பின்னால் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டைதான் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே ரேக் அந்த உருண்டையையே இறுகக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கும் விதம்தான் வேறு, கீழே சொல்லப்போகும் கணக்கு இரண்டுக்கும் ஒன்றே.

எடையும் தூரமும்

தண்ணீர் நிறைந்த வாளியை உடம்போடு ஒட்டித் தூக்கிப் பாருங்கள். பிறகு அதே வாளியைக் கையை முழுசாக நீட்டிப் பிடியுங்கள். வாளி அதேதான், தண்ணீரும் அதேதான், ஆனால் தோள் கெஞ்சும். ஹிட்ச் ரேக்கின் விஷயம் மொத்தமும் இதில் இருக்கிறது. சைக்கிள் எவ்வளவு கனம் என்பதோடு, காரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் பெருக்கித்தான் ஹிட்ச் சுமக்கிறது.

ஒரு கணக்கு போடலாம். இரண்டு சைக்கிள் ரேக் 24 கிலோ, சைக்கிள் ஒவ்வொன்றும் 15 கிலோ என்றால் மொத்தம் 54 கிலோ. அதன் எடை மையம் அந்தக் குறுக்குப் பின்னிலிருந்து 60 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 54-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 32.4. இப்போது நான்கு சைக்கிள் ரேக். ரேக் 30 கிலோ, சைக்கிள்கள் 60 கிலோ, ஆக 90. கூடுதல் சைக்கிள்கள் பின்னால் போவதால் எடை மையமும் தள்ளிப்போய் 80 சென்டிமீட்டர் ஆகிறது. 90-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 72. எடை இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஹிட்ச்சை முறுக்கும் விசையோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. நான்கு சைக்கிள் ரேக்குகள் பொதுவாக 2 அங்குல ரிசீவருக்கு மட்டுமே வருவதன் காரணம் இதுதான். சிறிய ரிசீவரில் அளவு மாற்றும் துண்டைப் போட்டு அதைச் செருகிவிடலாம் என்று தோன்றும். செருக முடியும், தாங்குமா என்பது வேறு கேள்வி. ரேக்கைப் பின்னால் தள்ளி வைக்க விற்கும் நீட்டிப்புக் குழாய்க்கும் இதே பதில்தான்: அதைப் போட்டால் ஹிட்ச்சின் தாங்கும் திறனைப் பாதியாகக் குறைத்துக் கணக்கிட வேண்டும் என்பது பொதுவான விதி.

ஹிட்ச்சில் ஒட்டியிருக்கும் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எண் டிரெய்லரை இழுக்கும் திறன். நமக்கு அது வேண்டாம். சின்ன எண்தான் வேண்டும்: ஹிட்ச்சின் மேல் செங்குத்தாக எவ்வளவு எடை அழுத்தலாம் என்பது. அமெரிக்க வகைப்பாட்டில் முதல் வகுப்பு ஹிட்ச்சுக்கு இது சுமார் 90 கிலோ வரை, மூன்றாம் வகுப்புக்குச் சுமார் 360 கிலோ வரை போகும். ஐரோப்பிய உருண்டைகளில் 75 கிலோ என்ற எண்ணை அடிக்கடி பார்க்கலாம். ஆனால் இந்த எண் டிரெய்லரை மனதில் வைத்துப் போட்டது. டிரெய்லரின் எடை உருண்டை மீது நேராக இறங்கும், மறுமுனையைத் தாங்க அதற்கே சக்கரங்கள் உண்டு. ரேக்குக்குக் கீழே சக்கரமா இருக்கிறது? அது அந்தரத்தில் நின்று, ஒவ்வொரு பள்ளத்திலும் குதிக்கிறது. அதனால் சில ஹிட்ச் தயாரிப்பாளர்கள் சைக்கிள் ரேக்குக்கென்று தனியாக ஒரு குறைந்த எண்ணைக் கொடுப்பார்கள். கையேட்டில் அதைத் தேடிப் பாருங்கள்.

ஹிட்ச்சுக்கு ஓர் எண், காருக்கு ஓர் எண், ரேக்குக்கு ஓர் எண். ரேக்கிலேயே ஒரு சைக்கிளுக்கு இவ்வளவுதான் என்று தனி வரம்பும் இருக்கும். இவற்றில் எது சின்னதோ அதற்குத்தான் கட்டுப்பட வேண்டும். பலர் விடும் பிழை, ரேக்கின் சொந்த எடையைச் சேர்க்காமல் விடுவது. மின் சைக்கிள் வந்த பிறகு இந்தப் பிழைக்கு மன்னிப்பே இல்லை. 25 கிலோ மின் சைக்கிள் இரண்டும் 24 கிலோ ரேக்கும் சேர்ந்தால் 74. 75 கிலோ உருண்டையில் மிச்சம் ஒரே ஒரு கிலோ! பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் சைக்கிளுக்கு 2 முதல் 4 கிலோ வரை குறையும். மழையிலிருந்தும் திருட்டிலிருந்தும் அது தப்பும், தூக்கி வைப்பவரின் இடுப்பும் தப்பும்.

இன்னொரு விளைவு கண்ணுக்குத் தெரியாது. பின் அச்சுக்குப் பின்னால் எடை ஏறினால் கார் சீசா மாதிரி நடந்துகொள்ளும். அச்சுகளுக்கு இடையே 2.6 மீட்டர், எடை மையம் பின் அச்சிலிருந்து 1.6 மீட்டர் பின்னால் என்று வைத்தால், 54 கிலோ சுமை முன் சக்கரங்களிலிருந்து சுமார் 33 கிலோவைத் தூக்கிவிடும். அந்த 33-உம் சேர்ந்து பின் சக்கரங்களின் மேல் 87 கிலோ கூடும். ஹெட்லைட் சற்று மேலே பார்க்கும், எதிரே வருபவரின் கண் கூசும். ஸ்டியரிங் கொஞ்சம் இலேசாகத் தெரியும். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கென்று எழுதியிருக்கும் காற்றழுத்தத்தைப் பின் டயர்களுக்கு வையுங்கள். டிக்கிக்குள் வைக்கும் கனமான சாமான்களை முடிந்தவரை பின் சீட்டோடு ஒட்டி முன்னால் தள்ளிவிடுங்கள்.

தொங்குவதா, நிற்பதா

ரேக்குகளில் முக்கியமாக இரண்டு ஜாதி. தொங்கு ரேக்கில் ஒரு கம்பம் மேலெழும்பி, அதிலிருந்து இரண்டு கைகள் பின்னால் நீளும். சைக்கிளின் மேல் பாரை அந்தக் கைகளில் இருக்கும் ரப்பர் தொட்டிலில் வைத்துப் பட்டையால் இறுக்க வேண்டும். எடை குறைவு, மடக்கி வைக்க எளிது, கனம் குறைந்த சாதாரண சைக்கிள்களுக்குப் போதும். ஆனால் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள், சிறுவர் சைக்கிள், வளைந்த ஃபிரேம் கொண்ட மலைச் சைக்கிள் இவற்றைத் தொங்கவிட இடம் கிடைக்காது. சீட்டுத் தண்டுக்கும் ஹேண்டில் தண்டுக்கும் இடையே போலி பார் ஒன்றை மாட்டித்தான் சமாளிக்க வேண்டும். தொங்கும் சைக்கிள்கள் ஊஞ்சல் ஆடி ஒன்றையொன்று உரசவும் செய்யும். என் நீலச் சைக்கிளில் பக்கத்துச் சைக்கிளின் பெடல் எழுதிவிட்டுப் போன கோடு இன்றைக்கும் இருக்கிறது.

தட்டு ரேக்கில் சைக்கிள் தன் சக்கரங்களிலேயே நிற்கும். சக்கரங்களுக்குக் கீழே இரண்டு நீளத் தட்டுகள். மேலே ஒரு கை வந்து, முன் டயரையோ ஃபிரேமையோ பிடித்துக்கொள்ளும். டயரைப் பிடிக்கும் வகைதான் என் பரிந்துரை, ஃபிரேமை எதுவும் தொடாது. கார்பன் ஃபிரேம் என்றால் வேறு யோசனையே வேண்டாம். கார்பன் நாளெல்லாம் நம் எடையைத் தாங்கும். பக்கவாட்டில் கவ்வி நசுக்கினால் தாங்காது, உள்ளே விரிசல் விட்டாலும் வெளியே தெரியாது. மின் சைக்கிளுக்கும் தட்டு ரேக்தான் ஒத்துவரும், சிலவற்றில் உருட்டி ஏற்றச் சாய்தளம்கூட உண்டு. குறை என்றால், ரேக்கே கனம்.

முன் சக்கரத்தை மேலே மாட்டி, சைக்கிளைச் செங்குத்தாக நிறுத்தும் மூன்றாவது வகையும் இருக்கிறது. ஐந்தாறு மலைச் சைக்கிள்களோடு கிளம்பும் கூட்டத்துக்கு அது. ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

எந்த வகையானாலும் கீழ்ப்பக்கம் சாயும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வழியில் டிக்கியிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுக்கக்கூட எல்லாச் சைக்கிளையும் இறக்க வேண்டும். பின் கதவில் ஸ்டெப்னி மாட்டிய வண்டி என்றால், ரேக்கின் கம்பம் ஸ்டெப்னியில் இடிக்குமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

ஆட்டம்

ரிசீவருக்குள் ரேக்கின் தண்டு எளிதாக நுழைய வேண்டுமென்றால் கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளிதான் லொடலொட சத்தத்தின் பிறப்பிடம். தண்டு 15 சென்டிமீட்டர் உள்ளே போகிறது, அதில் 1 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறது என்றால், 90 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் சைக்கிளிடம் அது 6 மில்லிமீட்டராக வளர்ந்திருக்கும். சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் இந்த ஆட்டம் ஒரு சின்ன அடியாக விழுகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று முறியும் இல்லையா, அதே சங்கதிதான். வெல்டிங் செய்த இடங்களைத்தான் அது முதலில் தேடிப் போகும்.

ஆட்டத்தைக் கொல்லப் பல வழிகள். சில ரேக்குகளில் குறுக்குப் பின்னுக்குப் பதிலாக மரை போட்ட போல்ட் வரும். அதை முடுக்கினால் தண்டை ரிசீவரின் ஒரு பக்கச் சுவரோடு இழுத்து ஒட்டிவிடும். இன்னும் சிலவற்றில் தண்டின் முனையில் ஓர் ஆப்பு இருக்கும். வெளியே உள்ள குமிழைத் திருகினால் ஆப்பு விரிந்து உள்ளேயே இறுகும். இரண்டும் இல்லாத ரேக் என்றால், தண்டையும் ரிசீவரையும் சேர்த்துக் கவ்வும் தனி இறுக்கியை வாங்கிப் போடலாம். மாட்டி முடித்ததும் ரேக்கின் கடைசி முனையைப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். ரேக் மட்டும் ஆடினால் இன்னும் முடுக்க வேண்டும். காரே சேர்ந்து ஆடினால் வேலை முடிந்தது.

முடுக்குவதைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. சில ரேக்குகளில் ஆப்பு இறுகினாலே நிற்பது போலத் தோன்றும், உலுக்கினாலும் அசையாது. அதை நம்பிப் பின்னை விட்டுவிடாதீர்கள். ஆட்டத்தை நிறுத்துவதுதான் ஆப்பின் வேலை. ரேக் நழுவிப் போகாமல் காப்பது பின். அதன் முனையில் மாட்டும் சின்ன வளைவுக் கம்பியும் இருந்தாக வேண்டும்.

ஏற்றுவது

கனமான சைக்கிள் காருக்குப் பக்கத்தில், இலேசானது கடைசியில். மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். அடுத்தடுத்த சைக்கிள்களை எதிரெதிர்த் திசையில் வையுங்கள், ஒன்றின் ஹேண்டில்பார் இன்னொன்றின் ஹேண்டில்பாரோடு மோதாது. அப்போதும் ஹேண்டில்பார் பக்கத்துச் சீட்டில் முட்டினால் சீட்டைக் கீழே இறக்குங்கள். உள் பக்கத்துப் பெடல் பக்கத்துச் சைக்கிளின் ஃபிரேமைத் தொடுகிறதா என்று குனிந்து பாருங்கள். தொட்டால் பெடலைச் சுற்றி வேறு இடத்துக்குக் கொண்டுவந்து, அது திரும்பாமல் ஒரு பட்டையால் கட்டிவிடலாம். தொங்கு ரேக்கில் முன் சக்கரம் காற்றில் திரும்பித் திரும்பி அடிக்கும்; அதை ஃபிரேமோடு சேர்த்துக் கட்டுங்கள். தண்ணீர் பாட்டில், காற்றடிக்கும் பம்ப், விளக்கு, குழந்தை சீட், பை எல்லாம் காருக்குள் வரட்டும். சைக்கிள்களை மூடித் தார்ப்பாய் போர்த்தும் எண்ணம் வந்தால் விட்டுவிடுங்கள். வேகத்தில் அது பாய்மரம் ஆகிவிடும், ரேக் எதிர்பார்க்காத விசை அது.

அப்புறம் சைலன்சர். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. காரின் புகைக்குழாய் வாயிலிருந்து வரும் சூடான காற்று நேராகப் பின்னால் போகும். அந்த வழியில் ஒரு டயர் இருந்தால், அரை மணி நேரப் பயணத்தில் ரப்பர் இளகலாம், டியூப் வெடிக்கலாம், கார்பன் ரிம் கெட்டுப்போகலாம். சைக்கிளை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, குழாய் வாயிலிருந்து ஒரு நேர்க்கோடு இழுத்துப் பாருங்கள். கோட்டில் சக்கரம் இருந்தால் சைக்கிளைத் திசை மாற்றி வையுங்கள், அல்லது பக்கவாட்டில் நகர்த்துங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை நிம்மதியாகத் தாண்டிப் போகலாம்.

நம்பர் பிளேட்டும் பின் விளக்குகளும் மறைகின்றனவா என்பது அடுத்த கேள்வி. பல நாடுகளில் பிளேட்டை மறைப்பது குற்றம். ஐரோப்பிய ரேக்குகள் பலவற்றில் விளக்குப் பலகை சேர்ந்தே வரும். அதன் ஒயரைக் காரில் டிரெய்லருக்காக உள்ள 7 அல்லது 13 முனை சாக்கெட்டில் செருகினால் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் ரேக்கிலேயே எரியும், கூடுதல் பிளேட்டையும் அதில் மாட்டலாம். உங்கள் ஊர் விதி என்னவானாலும், காருக்குப் பத்தடி பின்னால் போய் நின்று, யாரையாவது பிரேக் மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். பின்னால் வருபவர் என்ன பார்க்கப்போகிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

ஓட்டுவது

கிளம்பிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓரமாக நிறுத்தி எல்லாப் பட்டைகளையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். டயரும் ரப்பரும் அமுங்கி இடம் பிடித்த பிறகு முதலில் இறுக்கிய பட்டை தளர்ந்திருக்கும், கிட்டத்தட்ட எப்போதும். அதன் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பார்வை போதும்.

கார் இப்போது முக்கால் மீட்டரோ ஒரு மீட்டரோ நீண்டிருக்கிறது. பின்பக்கக் கேமரா சைக்கிள் சக்கரத்தைத்தான் காட்டும், சென்சார் ஓயாமல் கூவும். ரிவர்ஸ் எடுக்கும்போது ஆளை இறக்கிவிட்டுப் பார்க்கச் சொல்வதுதான் நல்லது. செங்குத்தான சரிவில் ஏறி இறங்கும்போது ரேக்கின் அடிப்பக்கம் தரையில் தேயும். அந்த இடங்களைக் குறுக்காக, மெதுவாகக் கடக்க வேண்டும். வேகத்தடையில் வழக்கத்தில் பாதி வேகம். பின் சக்கரம் ஏறி இறங்கும்போது காரின் பின்முனை ஓர் அங்குலம் குதித்தால், அதற்கும் பின்னால் நிற்கும் சைக்கிள் அதைவிட அதிகம் குதிக்கும்.

எரிபொருள் கூடுமா? கூடும், ஆனால் கூரையில் வைப்பதைவிடப் பொதுவாகக் குறைவு. அமெரிக்க எரிசக்தித் துறை சாமான் பெட்டிகளுக்குச் சொல்லும் கணக்கு ஒரு குறிப்பாக உதவும்: கூரைப் பெட்டி நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை எரிபொருள் சிக்கனத்தைக் குறைக்கும், பின்னால் மாட்டும் பெட்டி 1 முதல் 5 சதவீதம் வரை. சைக்கிள் பெட்டி அல்ல, காருக்கு வெளியே பக்கவாட்டில் துருத்தும் சக்கரங்கள் காற்றை வாங்கும், ஆகவே எண் அப்படியே பொருந்தாது. கார் தானே கிழித்துப்போகும் காற்றின் நிழலில் பின்னால் இருப்பது ஒளிந்துகொள்கிறது என்ற காரணம் மட்டும் இரண்டுக்கும் பொது.

கேரவனின் பின்னாலோ டிரெய்லரின் பின்னாலோ ரேக்கை மாட்ட ஆசைப்பட்டால், ரேக்கின் கையேட்டில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். நீளமான வண்டியின் வால் காரைவிடப் பல மடங்கு மேலும் கீழும் தூக்கிப் போடும். பெரும்பாலான ரேக்குகளுக்கு அதில் அனுமதி கிடையாது.

பயணம் முடிந்ததும் ரேக்கைக் கழற்றி வையுங்கள். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் அப்படியே விட்டால் தண்டு ரிசீவருக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சுத்தியலால்தான் பேச வேண்டியிருக்கும். காருக்குப் பின்னால் நடந்து போகிறவர்களின் முழங்காலையும் அது விட்டுவைக்காது. கழற்றியவுடன் பின்னையும் அதன் வளைவுக் கம்பியையும் ரேக்கின் துளையிலேயே செருகிவிடுங்கள். அடுத்த முறை விடிகாலையில் டார்ச் அடித்துத் தேடப்போவது அதைத்தான்.